நடத்தை: ஆப்ஸ்டினேட்

அடி அண்ணாமலைக் கிராமத்துக் கண்ணாயிரத்துக்கு இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். அதுவும் அவர் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டதல்ல. மகளின் டி.சி.யில் எழுதி, அவர் தலையில் கட்டி அனுப்பினார்கள்.

எழுபத்து நாலாம் வருஷம், ஆனி மாதம். மகள் திரௌபதி பதினோராம் வகுப்புப் பாஸ். மார்க்கும் நல்ல மார்க்கு. டீச்சர் டிரெயினிங்குக்கு மனுப் போட்டாள், இடமும் கிடைத்தது. சான்றிதழ்களைக் காட்ட அப்பாவும் மகளும் டிரெயினிங் ஸ்கூலுக்குப் போனார்கள். அங்கே இருந்த குமாஸ்தா டி.சி.யை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே வந்தார். 'நடத்தையும் குணமும்' என்ற கட்டத்தில் விரல் நின்றுவிட்டது.

அந்தக் கட்டத்தில் யாருக்கும் 'குட்' என்றுதான் எழுதுவார்கள். வாத்தியார் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டவனுக்கும் குட். பரிட்சையில் பிட்டு வைத்து மாட்டியவனுக்கும் குட். பள்ளிக்கூடத்து மணியையே திருடிப் பழைய இரும்புக்குப் போட்டவன் ஒருத்தன் இருந்தான், அவனுக்கு 'வெரி குட்'. திரௌபதிக்கு மட்டும் சிவப்பு மசியில் 'ஆப்ஸ்டினேட்' என்று எழுதியிருந்தது.

"இத்த வெச்சிக்கினு சேத்துக்க முடியாதுங்க. குட்டுனு எழுதி வாங்கியாங்க. பதினஞ்சாம் தேதி சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் பாப்போம். அப்புறம் இடம் அடுத்த பேருக்குப் போயிடும்" என்றார் குமாஸ்தா.

அன்றைக்குத் தேதி மூன்று.

பஸ்ஸில் வரும்போது கண்ணாயிரம் கேட்டார். "இன்னாம்மா எழுதியிருக்கறாங்க?"

"பிடிவாதக்காரின்னு எழுதியிருக்கறாங்கப்பா."

"அதுக்கு இன்னாத்துக்கு இங்கிலீஷு?"

"தமிழ்ல எழுதினா உனக்குப் புரிஞ்சிடுமே."

மகள் என்ன பிடிவாதம் பிடித்தாள் என்பது கண்ணாயிரத்துக்குத் தெரியும். அதில் அவருக்கும் பங்கு உண்டு. அந்த வயிற்றெரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திரௌபதி படித்தது டவுனில் இருந்த சற்குண போதினி உயர்நிலைப் பள்ளி. அதன் தாளாளர் அப்பாசாமிக்குச் செங்கம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் உண்டு. போன கார்த்திகைத் தீபத்துக்கு வெளியூர் ஜனங்களுக்கு மண்டபத்தில் சாப்பாடு போடப் போகிறோம், உட்கார வைக்கப் பெஞ்சு வேண்டும் என்று உத்தரவு வந்தது. தலைமையாசிரியர் தருமன் பதினோராம் வகுப்பு பி பிரிவின் பெஞ்சுகள் பதினெட்டையும் அனுப்பினார். யார் வண்டியில்? கண்ணாயிரத்தின் மாட்டு வண்டியில். 'தீபக் கைங்கரியம்' என்று சொல்லிவிட்டார்கள். சாமி காரியம் என்றால் மனுஷன் மறுப்பானா? நாலு நடை அடித்து, தானே தூக்கி இறக்கி, முதுகு வலியோடு வீடு திரும்பினார்.

தீபம் மலைமேல் எரிந்து அணைந்தது. பெஞ்சு திரும்பவில்லை. பிறகு தை வந்தது, கல்யாண சீசன். மண்டபத்தில் பந்தி மேல் பந்தி. சற்குண போதினியின் பெஞ்சுகளில் உட்கார்ந்து ஊரே அப்பளம் நொறுக்கியது.

தருமன் வகுப்புக்கு வந்து சொற்பொழிவு ஆற்றினார். "மாணவச் செல்வங்களே! ரிஷிகள் பெஞ்சிலா உட்கார்ந்தார்கள்? தரையில் உட்கார்வது நம் பண்பாடு. முதுகெலும்பு நேராகும். கர்வம் போகும். பெஞ்சு என்பது வெள்ளைக்காரன் நமக்குக் கொடுத்த சோம்பேறித்தனம்!" இதைப் பேசும்போது அவருக்கு மூச்சு வாங்கியதால் நடுவில் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அதில் உட்கார்ந்து மீதியைப் பேசினார்.

முப்பத்தொன்பது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். திரௌபதி நின்றாள்.

"பெஞ்சு எப்ப சார் வரும்?"

"நீ முதலில் உட்கார்."

"பெஞ்சு வந்ததும் உக்காருறேன் சார்."

அவள் பேசியது இவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை, யாரையும் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. அன்றைக்கு நின்றாள், மறுநாளும் நின்றாள். சுவரோரம் நின்று, நோட்டை இடது கையில் ஏந்திக் கணக்குப் போட்டாள். அறுபத்தோரு வேலை நாள் அப்படியே நின்றாள். அரசாங்கப் பரிட்சைக்கு வேறு பள்ளிக்கூடம் போட்டிருந்தார்கள், அங்கே பெஞ்சு இருந்தது. உட்கார்ந்து எழுதினாள், பாஸ் ஆனாள்.

நடுவில் ஒருநாள் கால் வீங்கி வந்தவளைப் பார்த்துத் தாய் ஜோதியம்மாள் உப்புத் தண்ணீர் காய்ச்சி ஊற்றினாள். கண்ணாயிரம், "எல்லாப் புள்ளைங்களும் உக்காந்துக்கினு இருக்குது. உனக்கு மட்டும் இன்னாடி?" என்று கேட்டார்.

"நீதானேப்பா வண்டியில ஏத்திக்கினு போன? திருப்பிக் கொண்டாந்து போடு. உக்காருறேன்" என்றாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். பெரிய மனுஷன் மண்டபத்துக்குப் போய்ச் சாமானைத் திருப்பிக் கேட்கிற தைரியம் அவருக்கு எங்கிருந்து வரும்? 

இப்போது அதே கண்ணாயிரம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சற்குண போதினி ஆபீசில் போய் நின்றார்.

எழுத்தர் வேடியப்பன் தலை நிமிராமல், "குணம் மாத்தறதுன்னா சும்மா இல்லைங்க. மனு குடுக்கணும். மனுவோட, இப்ப பிடிவாதம் போயிடுச்சுன்னு கிளாஸ் வாத்தியார் சர்டிபிகேட் வேணும்" என்றார். பிறகு ஒரு நீள நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து, பொறுமையாகக் கோடு போட்டார். அட்டையில் 'பிடிவாதப் பதிவேடு' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். தேதி, வந்தவர் பெயர், எத்தனையாவது தடவை, போகச் சொன்னோமா, சொன்னதும் போனாரா என்று ஐந்து கட்டம்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"இது இன்னாத்துக்குங்க?"

"நீங்க வந்ததுக்குச் சாட்சி வேணும்ல?"

நல்லதுக்குத்தான் போலிருக்கிறது என்று கண்ணாயிரம் கையெழுத்துப் போட்டார். எழுத்துக் கூட்டிப் போடுவதற்குள் வியர்த்துவிட்டது.

வகுப்பு வாத்தியார் அர்ஜுனன் நல்ல மாதிரி. மரத்தடிக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். "உங்க பொண்ணு இப்ப என் கிளாஸ்ல இல்லையேங்க. இல்லாத பொண்ணு நிக்குதா உக்காருதான்னு நான் எப்டி எழுதறது? எழுதினா, 'எதை வெச்சு எழுதின'ன்னு எனக்கு மெமோ குடுப்பாங்க." கொஞ்ச நேரம் செருப்பால் மண்ணைக் கிளறினார். "அது நின்னுக்கினு இருந்தப்ப நான் நாற்காலியில உக்காந்துதான் பாடம் நடத்தினேன். எழுந்து நிக்கணும்னு தோணும். ஆனா நிக்கல."

ஆக, சர்டிபிகேட் இல்லை. மனு மட்டும் தலைமையாசிரியர் மேஜைக்குப் போனது.

தருமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கண்ணாயிரம், இங்கிலீஷ் ஒரு பெரிய கடல். அதில் ஆப்ஸ்டினேட் என்ற சொல்லை நினைத்தவர்களுக்கெல்லாம் போட்டுவிட முடியாது. பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, யூசேஜ் தெரியவேண்டும். பாடமாகவே சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் முடியாது என்றால் அது டிசிப்ளின். தாளாளர் ஐயா முடியாது என்றால் அது பாலிசி. உன் பெண் முடியாது என்றால் அது ஆப்ஸ்டினேட். புரிந்ததா?"

"ஏழு மாசமா பெஞ்சைத் தராம வெச்சிக்கினு இருக்கறாரே ஐயா, அதுக்கு இன்னா வார்த்தைங்க?" கண்ணாயிரம் குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

தருமனுக்குக் காது சிவந்தது. "பள்ளியை நிறுவியவர் தன் பெஞ்சில் தான் உட்கார்வதற்கு எந்த மொழியிலும் கெட்ட வார்த்தை கிடையாது. முப்பத்தொன்பது பேர் உட்கார்ந்தார்களே, அவர்களுக்கு குட் எழுதியிருக்கிறேன். நின்றவளுக்கும் குட் எழுதினால் உட்கார்ந்தவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? அவர்கள் மனம் புண்படாதா? கல்வி என்றால் என்னவென்று நினைத்தாய்? சொன்னதும் உட்கார்வது. அதற்குமேல் இருப்பதெல்லாம் சிலபஸ்."

இந்த மனுஷன் வாயைத் திறந்தால் இப்படித்தான் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்து விழும். விழுந்தது அவருக்கே தெரியாது. ஏதோ தத்துவம் சொல்லிவிட்ட மாதிரி கண்ணாடியை மாட்டிக்கொள்வார்.

கண்ணாயிரம் மறுபடி போனார். மறுபடியும் போனார். கடலைக்காயைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் காய வைக்க ஆளில்லாமல், வேலையெல்லாம் ஜோதியம்மாள் தலையில் விழுந்தது. பத்தாம் தேதி ஐந்தாவது தடவையாகப் போனபோது தருமன் அந்தப் பதிவேட்டை வரவழைத்து விரித்தார்.

"இதோ பார். ஐந்து தடவை வந்திருக்கிறாய். ஐந்து தடவையும் போகச் சொல்லியிருக்கிறோம். உடனே போனாயா? இல்லை. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் நின்றிருக்கிறாய், கையெழுத்தும் உன்னுடையது. பெண்ணுக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இப்போது ஆதாரமே கிடைத்துவிட்டது."

"நான் வராம இருந்திருந்தா எழுதிக் குடுத்திருப்பீங்களா சார்?"

"வராமல் இருந்திருந்தால், அக்கறையில்லாத பெற்றோர் என்று மனுவை மூடியிருப்போம்."

வந்தால் குற்றம், வராவிட்டால் குற்றம். அட, மனுஷன் எந்தச் சுவரில்தான் போய் முட்டிக்கொள்வது? சொல்கிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது, அவருக்கு வராதா? ஆனால் அவர் கும்பிட்டார். பெண்ணின் இடம் போய்விடுமே என்று கும்பிட்டார்.

கும்பிட்டதற்குப் பலன் இருந்தது. விஷயம் நிர்வாகக் கமிட்டிக்குப் போயிற்று. கமிட்டி கூடி, அகராதியைப் புரட்டி, அந்த வார்த்தைக்குப் பதிலாக வேறு வார்த்தை போடலாமா என்று இரண்டு மணி நேரம் ஆராய்ந்தது. 'அடங்காதவள்' என்பதற்கு இங்கிலீஷில் நாலு சொல் கிடைத்ததாம். அதில் எதுவும் இரக்கமாக இல்லை என்று கைவிட்டார்கள். கடைசியில் ஒரு தீர்மானம் போட்டார்கள். பதினைந்தாம் தேதி காலை பதினோரு மணிக்கு, கமிட்டி முன்னிலையில், மாணவி தரையில் அரை மணி நேரம் உட்கார்ந்து காட்டவேண்டும். காட்டினால் குணம் மாறிவிட்டதாகக் கருதி குட் எழுதித் தரப்படும். அதற்கு 'அமர்வுச் சோதனை' என்று பெயரும் வைத்தார்கள்.

"அரை மணி நேரந்தான்மா. அப்பறம் ஒரு மணி பஸ்ஸைப் புடிச்சா நாலுக்குள்ள போயிடலாம்" என்றார் கண்ணாயிரம். திரௌபதி டிரங்குப் பெட்டியில் புடவைகளை மடித்து வைத்தாள்.

பதினைந்தாம் தேதி வண்டியில் பெட்டியையும் பாயையும் ஏற்றிக்கொண்டு இருவரும் மண்டபத்துக்குப் போனார்கள். கமிட்டி அங்கேதான் கூடும், பள்ளிக்கூடத்தில் உட்கார வசதி இல்லையாம். மண்டபத்து நாற்காலிகளோடு பெஞ்சுகளில் பதினைந்தும் கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்குப் போயிருந்தன, சாயந்தரம்தான் திரும்பும். அதனால் அப்பாசாமி, தருமன், அரிசி மில் சகாதேவன், இன்னும் மூன்று பேர், ஆக ஆறு பேரும் மிச்சமிருந்த மூன்று பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பெஞ்சின் காலிலும் வெள்ளைப் பெயின்டில் '11-பி' என்று எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்துச் சுவர்க் கடிகாரத்தையும் அன்றைக்கென்று கழற்றி வந்து மாட்டியிருந்தார்கள். வேடியப்பன் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தார்.

அப்பாசாமி பேசினார். "நான் இந்தப் பள்ளிக்கூடத்தை ஆரம்பிச்சப்ப பெஞ்சும் கிடையாது ஒண்ணும் கிடையாது. பெஞ்சு வந்த பிறகுதான் வம்பே வந்தது. இன்னிக்குப் பெஞ்சைக் குடுத்தா நாளைக்கு ஃபேன் கேப்பாங்க. ஃபேனைக் குடுத்தா கணக்குக்கு வாத்தியார் கேப்பாங்க. வாத்தியாரைக் குடுத்தா பாடம் நடத்தச் சொல்லிக் கேப்பாங்க. இதுக்கு ஒரு முடிவு உண்டா? அதனால முதல்லயே நிறுத்திடணும். இந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவமே இல்ல. உக்காரட்டும். அவ்ளோதான்."

கமிட்டி கை தட்டியது.

"உட்காரம்மா" என்றார் தருமன்.

திரௌபதி கட்டத்துக்கு வெளியே நின்றாள். கடிகாரம் ஓடியது. பதினொன்று பத்து. பதினொன்று பதினைந்து.

"உக்காந்துடும்மா. யாருக்குத் தெரியப் போவுது? அப்பாவுக்காக" என்றார் கண்ணாயிரம். குரல் கெஞ்சியது.

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பத்து நாளாக அலைந்து கறுத்துப்போன முகத்தைப் பார்த்தாள். கட்டத்துக்குள் ஒரு காலை எடுத்து வைத்தாள். மற்ற காலையும் வைத்தாள். பாவாடையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு முழங்காலை மடக்கினாள். அறுபத்தோரு நாள் மடங்காத கால், இப்போது அவருக்காக மடங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் முட்டியது.

அப்பாசாமி தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஆங், அப்டி வா வழிக்கு!"

கண்ணாயிரம் பாய்ந்து போய் மகளின் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"வேணாம். உக்காராத."

"அப்பா, பஸ்ஸு..."

"பஸ்ஸு கெடக்குது. நிமிந்து நில்லு." பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கொஞ்சம் எழுந்திருங்கய்யா."

"எதுக்குய்யா?" என்றார் அப்பாசாமி.

"நான் கொண்டாந்து போட்ட சாமான். நானே எடுத்துக்கினு போறேன்."

சொல்லிக்கொண்டே தருமன் உட்கார்ந்திருந்த பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கினார். கடலை மூட்டை தூக்குகிற கை. தருமனும் சகாதேவனும் சறுக்கி எழுந்தார்கள். அதைப் பார்த்த பயத்தில் மற்ற பெஞ்சுக்காரர்களும் எழுந்து நின்றார்கள். மறுமுனையைத் திரௌபதி பிடித்தாள். முதல் பெஞ்சு வண்டிக்குப் போனது. இரண்டாவது போனது. மூன்றாவதும் போனது. அடுக்களையிலிருந்து பாத்திரம் தேய்க்கிற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ரோட்டில் போகிறவர்கள் நின்று, "இஸ்கோலு பெஞ்சா இது?" என்று பெயின்டைப் படித்தார்கள்.

அப்பாசாமிக்கு முகம் வீங்கியது. "எழுதிக்கோய்யா வேடியப்பா! அமர இருக்கை இல்லாத காரணத்தால் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது!"

"நின்னுக்கினே நடத்துங்க ஐயா. நான் அறுபத்தோரு நாள் நின்னுக்கினேதான் படிச்சேன்" என்றாள் திரௌபதி.

"இல்லன்னா தரையில உக்காருங்க" என்றார் கண்ணாயிரம். "ரிஷிங்கல்லாம் தரையிலதான் உக்காந்தாங்கன்னு சார் சொன்னாரே. கட்டம்கூட போட்டு வெச்சிருக்குது."

ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். சாக்பீஸ் கட்டத்தைப் பார்த்தார்கள். ஒருத்தராவது உட்காரவேண்டுமே? வெள்ளை வேட்டி, ஊர் பார்க்கிறது, எப்படி உட்காருவார்கள்?

"நான் உக்கார மாட்டேன்!" என்று கத்தினார் அப்பாசாமி. "போகவும் மாட்டேன்! இவங்க ரெண்டு பேரும் வெளிய போற வரைக்கும் இங்கியே நிக்கறேன். யார் முதல்ல அசையறாங்கன்னு பாத்துடலாம்! யாரும் எடத்தை விட்டு நகரக் கூடாது!"

தாளாளர் நின்றதால் கமிட்டியும் நின்றது. எதிரே திரௌபதி நின்றாள். நிற்பதில் அவளுக்கு இருந்த பழக்கம் கமிட்டிக்கு இல்லை. மூன்றாவது நிமிஷம் சகாதேவன் சுவரைப் பிடித்தார். ஆறாவது நிமிஷம் தருமனுக்கு மூச்சு வாங்கியது, நாற்காலி கொண்டுவர யாரும் இல்லை. எட்டாவது நிமிஷம், "ஐயா, எனக்குச் சர்க்கரை" என்று ஒரு மெம்பர் முனகினார். பதினோராவது நிமிஷம் அப்பாசாமியின் முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. நெற்றியில் விபூதி வழிந்தது.

"எழுதிக் குடுத்துத் தொலைய்யா!"

மேஜை இல்லை. வேடியப்பன் குனிந்தார். அவர் முதுகில் வைத்து, தருமன் புது டி.சி. எழுதி, அந்தக் கட்டத்தில் குட் என்று போட்டு, முத்திரை குத்தினார். கண்ணாயிரம் அதை வாங்கி மகளிடம் கொடுத்தார். அவள் படித்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

"சார், இன்னும் ஒரு சீட்டு எழுதணுங்க" என்றார் கண்ணாயிரம்.

"இன்னும் என்னய்யா?"

"எம் பொண்ணு நின்னா ஆப்ஸ்டினேட்டு. இப்ப ஐயா பதினோரு நிமிசம் நின்னாரே, தரையில உக்கார மாட்டேன்னு. அவருக்கு அந்தக் கட்டத்துல இன்னா எழுதுவீங்க?"

தருமன் தாளாளரைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். பேனாவின் மூடியைத் திருகி மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

"மீதி பதினஞ்சு பெஞ்சுக்குச் சாயந்தரம் வர்றேன். மண்டபத்தைப் பூட்டிடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாயிரம் வெளியே வந்தார்.

வண்டி முதலில் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பியது. அங்கே புது பதினொன்று பி தரையில் உட்கார்ந்திருக்கும். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. மாட்டை அதட்டிக்கொண்டே கண்ணாயிரம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். வண்டியில் பெஞ்சு, பெஞ்சின் மேல் டிரங்குப் பெட்டி, அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு அதே பெஞ்சில் திரௌபதி உட்கார்ந்திருந்தாள்.